விரியன் நஞ்சும் குருதியமுக்கமும்

பெல்மதுளைத் தோட்டங்களில் கொழுந்தெடுப்போரும் பால் வெட்டுவோரும் விரியனை அஞ்சுவர். அக்குடும்பத்துப் பாம்பொன்றின் நஞ்சே குருதியமுக்கத்துக்கு மருந்து காட்டிய வரலாறு அறியத்தக்கது.

1898இல் சுவீடனில் திகர்ஸ்டெட்டும் பேர்க்மனும் முயலின் சிறுநீரகச் சாறு குருதியமுக்கத்தை உயர்த்தக் கண்டு, அதிலுள்ள பொருளுக்கு ரெனின் எனப் பெயரிட்டனர். அறிஞருலகம் அதனைப் பெரிதும் மறந்தது. 1934இல் கோல்ட்பிளாட் நாயின் சிறுநீரக நாடியை இறுக்கி அமுக்கம் உயர்வதைக் காட்டிய பின்னரே ஆய்வு மீண்டும் தளிர்த்தது.

ரெனின் தானே நாளங்களைச் சுருக்குவதன்று. அது குருதிப் புரதமொன்றிலிருந்து பிறப்பிக்கும் அஞ்சியோதென்சினுக்கு வேறொரு நொதியம் வலிமையூட்டுகின்றது. 1965இல் செர்ஜியோ ஃபெரெய்ரா பிரேசில் நாட்டு விரியனின் நஞ்சில் கண்ட பொருள் அந்நொதியத்தைத் தடுப்பது பின்னர்ப் புலனாயிற்று. அவ்வழியில் அமைந்த கப்டோபிரில் 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நீரிழிவாற் கெடும் சிறுநீரகத்தையும் அது காப்பது 1993இல் நிறுவப்பட்டது.

முயலின் சாறு மாத்திரையாவதற்கு 83 ஆண்டுகள் சென்றன. உடன் பயன் தாராத ஆய்வையும் இகழலாகாது என்பதே இவ்வரலாறு மாணவர்க்குணர்த்தும் பாடம்.