கடலைப் பார்க்காத கப்பல்

கப்பல் என்றதும் நம்மில் பலருக்கு 'ரஜூலா'தான் நினைவுக்கு வரும். நம் பாட்டன், பூட்டன்கள் நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கில் வந்து இறங்கிய கப்பல் அது. இன்று நான் பேசப் போவது வேறொரு கப்பலைப் பற்றி. அது கடலையே பார்த்ததில்லை. தோண்டிய குட்டையில் பிறந்து, அந்தக் குட்டையிலேயே உழைத்து ஓய்ந்த கப்பல்.

பத்தாங் பெர்ஜுந்தாய் என்ற ஊரை 2007ஆம் ஆண்டு முதல் பெஸ்தாரி ஜெயா என்கிறோம். அதன் அருகில் உள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல், இந்நாட்டில் முதன்முதலாக வணிக நோக்கில் செம்பனை நடப்பட்டது. நட்டவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். ரப்பரும் செம்பனையும் மண்ணுக்கு மேலே விளைந்த செல்வம் என்றால், மண்ணுக்குக் கீழே கிடந்தது ஈயம். அதை எடுக்க வந்தவைதான் ஈயக்கப்பல்கள். மலாய்க்காரர்கள் 'காப்பால் கோரெக்' என்பார்கள். அந்தக் 'காப்பால்' நம் தமிழ்க் 'கப்பல்' போய்ச் சேர்ந்த சொல்தான்!

பெயர்தான் கப்பலே தவிர, அடியில் இருப்பது கால்வாய்ப் படகைப் போன்ற தட்டையான பெரிய இரும்பு மிதவை. அதன் மேல் பல மாடி உயரத்துக்கு ஒரு தொழிற்சாலை. முன்னால் இரும்பு வாளிகள் கோத்த சங்கிலி சுழன்று, நீருக்கடியில் உள்ள மண்ணை அள்ளி மேலே கொட்டும். சுழலும் சல்லடையில் தண்ணீர் பீய்ச்சும்போது கல்லும் களிமண்ணும் பிரிந்துவிடும். ஈயத்தாது மணலைவிட இரண்டரை மடங்குக்கு மேல் கனமானது. எனவே அது அடியில் தங்கும், மணல் பின்பக்கம் வெளியேறும். முன்னால் தோண்டிப் பின்னால் கொட்டுவதால், குட்டையும் கப்பலோடு நகர்ந்துகொண்டே போகும்.

இரவு பகல் பாராமல் முறை மாற்றி வேலை நடந்தது. மலாய்க்காரர், சீனர், இந்தியர் என மூவினத்தாரும் அதில் உழைத்தார்கள். உலகின் பெரிய ஈய நிறுவனங்களில் ஒன்றாகப் பெர்ஜுந்தாய் நிறுவனம் விளங்கியது. ஆனால், 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் பணமின்றிக் கைவிரித்தது. லண்டன் சந்தையில் ஈய வணிகம் நிறுத்தப்பட்டது, விலை சரிந்தது. லண்டனில் கதவு அடைத்தால் நம் ஊரில் அடுப்பு அணையும் என்பதை அன்று பல குடும்பங்கள் கண்டன.

வேலை போன கப்பலை என்ன செய்வது? பெரும்பாலானவற்றுக்குப் பழைய இரும்புக் கடைதான் கதி. ஒன்று மட்டும் வேறு வழியில் போனது. பேராக்கில் பத்து காஜாவுக்கு அருகே, 1938இல் கட்டப்பட்ட தஞ்சோங் துவாலாங் ஐந்தாம் எண் கப்பல் அது. எடை 4,500 டன். மிதவையின் நீளம் 75 மீட்டர், அகலம் 35 மீட்டர். 44 ஆண்டுகள் உழைத்து 1982இல் நின்றது. இடையில் மிதவையில் நீர் கசிந்து கப்பல் சாயவும் தொடங்கியது. அதைச் சீரமைத்து, மக்கள் ஏறிப் பார்க்கும் காட்சியகமாக மாற்றினார்கள். கேரளத்தில் நெல் ஏற்றிய கெட்டுவள்ளங்கள், சாலையும் லாரியும் வந்தபின் சுற்றுலாப் படகு வீடுகளாக மாறியதைப் போன்ற மறுவாழ்வு இது.

பெர்ஜுந்தாயில் மறுவாழ்வு பெற்றவை கப்பல்கள் அல்ல, அவை விட்டுச் சென்ற குட்டைகள். 2014 வறட்சியில் பெஸ்தாரி ஜெயா ஈயக்குட்டை நீரைச் சிலாங்கூர் ஆற்றில் இறைத்துவிட்டுத்தான், கிள்ளான் பள்ளத்தாக்கின் தாகத்தைத் தணிக்க முயன்றார்கள். கோலாலம்பூரில் குழாயைத் திறந்தவர்களில் எத்தனை பேர், அந்தக் குட்டையைத் தோண்டிய கைகளை நினைத்திருப்பார்கள்?

இங்கேதான் எனக்கு ஒரு கவலை. இரும்பைச் செப்பனிடப் பணமிருந்தால் போதும். ஆனால், வாளிச் சங்கிலி அறுந்தால் எப்படிக் கோர்த்தார்கள், இரவு வேலைக்குச் சோறு எப்படிப் போனது, கப்பல் நின்ற மறுநாள் வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதையெல்லாம் எந்தக் காட்சியகமும் தானாகச் சொல்லாது. அதைச் சொல்லக்கூடியவர்கள் இன்று முதியவர்கள்.

ஒலிவாங்கி பிடிப்பது என் தொழில். இன்று அந்த வேலையை நீங்களும் செய்யலாம், கையில் தொலைபேசி இருக்கிறதே! உங்கள் வீட்டில் ஈயலம்பத்தில் வேலை செய்த தாத்தாவோ மாமாவோ இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் உட்காருங்கள். பதிவு செய்யும் பொத்தானை அழுத்திவிட்டு, "தாத்தா, அந்தக் கப்பல்ல நீங்க என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேளுங்கள். மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.