நடுவுநிலை
'நடு' என்னும் அடியிலிருந்து வந்த 'நடுவு', 'நிலை' என்பதோடு சேர்ந்து அமைந்த இச்சொல், எப்பக்கமும் சாயாமல் நிற்றலைக் குறிக்கும். வழக்கைத் தீர்ப்பவர் நடுவர் எனப்பட்டதும், செல்வர் வறியவர் என்று பாராத எமனுக்கு நடுவன் என்னும் பெயர் அமைந்ததும் இவ்வடியிலிருந்தே. திருக்குறளின் 12ஆம் அதிகாரமான நடுவுநிலைமை இப்பண்புக்குத் துலாக்கோலை உவமையாக்குகிறது. அக்கோலோ இரு தட்டிலும் ஒரே பொருளைக் கேட்பதில்லை, முள் நேர் நிற்கும்வரை குறைந்த தட்டில் கூட்டவே கேட்கிறது. பள்ளி வழக்கிலோ இச்சொல், எல்லார்க்கும் ஒரே வினாத்தாள், ஒரே நேரம் என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. பார்வையற்ற மாணவி ஒருவர் வினாவைக் கேட்டு, விடையைச் சொல்லி, சொல்வதை எழுதுபவர் எழுதி முடிக்கும்வரை காத்திருந்து, மீண்டும் படிக்கச் சொல்லித் திருத்துவதற்குள் மற்றவர்கள் அடுத்த வினாவுக்குப் போயிருப்பர். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, தன் 17ஆம் பிரிவில் தேர்வுக்குக் கூடுதல் நேரம், எழுதுபவர் வசதி, இரண்டாம் மூன்றாம் மொழிப்பாட விலக்கு ஆகியவற்றைக் குறிப்பிடுவதோடு, ஒருவருக்குத் தேவையான நியாயமான மாற்றங்களைச் செய்துதர மறுப்பதையும் பாகுபாடு என்றே வரையறுக்கிறது. அவ்வாறாயின், இவற்றைச் 'சலுகை' எனச் சுற்றறிக்கைகளில் எழுதும் வழக்கம், கொடுப்பவரின் இரக்கத்தைச் சுட்டுவதால், பொருத்தமற்றது.