மாலைநேர மாணவரும் இறையியற் கல்வியும்: கொழும்புத் தமிழ்க் கத்தோலிக்கர் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இறையியற் கல்வி என்றவுடன் குருமடத்தின் மதில்களும், இலத்தீன் நூல்களும், உலகத் தொழில்களைத் துறந்து ஆண்டுக்கணக்காகப் பயிலும் இளைஞருமே பலர்க்கும் நினைவுக்கு வருதல் இயல்பு. பகலில் அலுவலகத்திலோ பாடசாலையிலோ துறைமுகத்திலோ தொழில் புரிந்து, மாலையில் விவிலியமும் திருச்சபை வரலாறும் கற்கும் ஒருவரை இறையியல் மாணவராகக் கொள்ளும் வழக்கம் மிக அண்மையது என்பர். மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்கள் இறையியலிலும் திருப்பணியிலும் பகுதிநேரப் பட்டமேற்படிப்புகளை நடத்தத் தொடங்கியதன் எதிரொலியே இது என்பாரும் உளர். ஆயின் கொழும்புத் தமிழ்க் கத்தோலிக்கரின் வரலாற்றைச் சற்று ஆழமாக நோக்குமிடத்து வேறொரு காட்சி புலப்படுகின்றது. இச்சமூகத்தின் சமய அறிவைப் பேணியோருட் பலர், பிழைப்புக்கென ஒரு தொழிலும் சமயத்துக்கென எஞ்சிய நேரமும் உடையோராகவே இருந்தனர். அவ்வெஞ்சிய நேரத்தில் அவர்களுக்கு எந்த மொழியில், எத்தகைய கல்வி கிட்டியது என்பதிலேயே அச்சமூகத்தின் அறிவு வளர்ச்சி பெரிதும் தங்கியிருந்தது.

அண்ணாவிமார் காலம்

போர்த்துக்கேயரிடமிருந்து கரையோரப் பகுதிகளைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்க சமயத்தைத் தடைசெய்தனர். கத்தோலிக்கக் குருமாருக்கு அடைக்கலம் அளித்தல் 1658ஆம் ஆண்டிலேயே கடுந்தண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டது. 1687இல் யோசேப் வாஸ் அடிகள் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் இலங்கை வந்தபோது, ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகக் குருமாரின்றி வாழ்ந்த மக்களையே கண்டார். அவரைத் தொடர்ந்து கோவாவின் ஒறற்றோரியன் சபையினர் சிலர் வந்தனராயினும், நாடெங்கும் சிதறிக் கிடந்த ஆலயங்களுக்கு அவர்தம் தொகை போதாதிருந்தது.

இக்குறையை நிரப்பியவர்கள் மூப்பர், அண்ணாவியார் என்னும் பொதுநிலையினரேயாவர். ஊருக்கு ஊர் நியமிக்கப்பெற்ற இவர்கள், ஞாயிறுதோறும் மக்களைக் கூட்டிச் செபங்களை முன்னின்று நடத்தினர். சிறுவர்க்கு மறையறிவு புகட்டினர். ஆபத்து வேளையில் திருமுழுக்கு அளித்தனர். மரணப் படுக்கையிற் கிடந்தோர்க்குத் துணைநின்றனர். இன்று திருப்பணி என்னும் சொல்லால் குறிக்கப்படும் கடமைகளுட் பல இவற்றுள் அடங்குகின்றன. அவற்றைச் செய்தோர் தத்தம் ஊரில் தத்தம் தொழிலைச் செய்துவந்த குடும்பத்தினர்.

இவர்கள் கையில் நூல் வேண்டும் என்பதை நன்குணர்ந்தவர் யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகள் (1676–1742). 1705இல் இலங்கை வந்த இவர் தமிழிலும் சிங்களத்திலும் பல நூல்களை இயற்றினார். அவர் தமிழில் எழுதிய வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்தில் ஆலயங்களில் இராகத்தோடு வாசிக்கப்பட்டு வந்துள்ளது. குருவானவர் இல்லாத இடத்தில் வாசிப்பவரே போதகராகின்றார். ஆதலின் கொன்சால்வேசின் எழுத்துக்களை, பகுதிநேரத் திருப்பணியாளருக்கென இந்நாட்டில் முதன்முதல் தமிழில் அமைந்த பாடநூல் வரிசை எனக் கொள்ளுதல் தவறாகாது.

இதே காலத்தில் ஒல்லாந்த அரசு தன் சீர்திருத்தச் சபைக்கென முறையான செமினறிகளை நிறுவியிருந்தமை ஒப்பிடத்தக்கது. நல்லூரில் 1690இலும் கொழும்பில் 1696இலும் அவை தொடங்கப்பெற்றன. கொழும்புச் செமினறியிற் பயின்ற பிலிப்பு தெ மெல்லோ (1723–1790), விவிலியப் பகுதிகளைத் தமிழில் மொழிபெயர்த்த பேரறிஞர் ஆவார். கல்வித் தரத்தில் அண்ணாவியார் ஒருவர் அவரோடு நிகராகமாட்டார். எனினும் 1796இல் ஒல்லாந்தர் ஆட்சி நீங்கியதும், பதிவேடுகளில் சீர்திருத்தச் சபையினராகக் காணப்பட்ட சுதேசிகளுட் பெரும்பாலோர் அச்சபையை விட்டகன்றனர். அரச ஆதரவின்றியே தளிர்த்த கத்தோலிக்க சமூகமோ, 1806இல் தேசாதிபதி மேயிற்லண்ட் தடைகளை நீக்கியபோது நிலைபெற்று நின்றது. இவ்வேறுபாட்டுக்குக் காரணங்கள் பல. உத்தியோகத்துக்காகத் திருமுழுக்குப் பெற்றோர் அவ்வுத்தியோகம் போனபின் சபையில் நிலையாமை ஒரு காரணம். கத்தோலிக்கர் மத்தியில் சமய அறிவு ஊரவர் கையிலேயே இருந்தமை மற்றொரு காரணம்.

குருமடமும் இலத்தீனும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. 1847இல் அமலமரித் தியாகிகள் சபையினர் இலங்கை வந்தனர். 1886இல் கொழும்பு உயர்மறைமாவட்டமாயிற்று. யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய பொன்ஜீன் ஆண்டகை அதன் முதற் பேராயரானார். 1893இல் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பொதுவாகக் கண்டியில் ஒரு பாப்பரசுக் குருமடத்தை நிறுவினார். கொழும்பில் புனித பேர்ணாட் குருமடமும் இயங்கிற்று. சுதேசக் குருமார் உருவாக இவை வழிவகுத்தன என்பதில் ஐயமில்லை. ஆயின் இக்கல்வி முழுநேரத்துக்கும் உரியது. ஆண்களுக்கு, அவருள்ளும் குருத்துவத்தை நாடியோர்க்கு மட்டுமே உரியது. அதன் மொழி இலத்தீன்.

இதன் விளைவை இருவர் வாழ்வில் காணலாம். சுவாமி ஞானப்பிரகாசர் (1875–1947) இரயிற் பகுதியில் எழுதுவினைஞராகத் தொழில் பார்த்தவர். இறையியல் கற்க விழைந்தபோது அவ்வுத்தியோகத்தைத் துறந்தே குருமடம் புகவேண்டியிருந்தது. தனிநாயகம் அடிகள் (1913–1980) 1931 முதல் 1934 வரை கொழும்பு புனித பேர்ணாட் குருமடத்திலும், பின்னர் உரோமையிலும் பயின்றார். ஆயினும் தமிழிலக்கியத்தை அவர் முறையாகக் கற்றது குருவாகித் தமிழ்நாட்டிற் பணியாற்றச் சென்ற பின்னரேயாகும். இருவரும் தமிழுக்குச் செய்த தொண்டு பெரிது. அத்தொண்டு குருமடப் பாடவிதானத்தின் பயனாக விளைந்ததன்று. தம் முயற்சியால் அதற்கு அப்பாற் சென்றமையின் பயனாகும். இறையியலுக்கு உத்தியோகமும் தமிழும் வெளியே நின்ற காலம் அது.

பேராதனையும் பொறளையும்

1942இல் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் பேராதனைக்குப் பெயர்ந்தது. விடுதி வாழ்வோடு கூடிய முழுநேரக் கல்வியே அதன் இலட்சியம். அவ்விலட்சியம் சிறந்ததாயினும், தலைநகரில் தொழில் பார்த்துக்கொண்டு பட்டம் பெற விரும்பிய எழுதுவினைஞருக்கும் ஆசிரியருக்கும் அதில் இடம் இருக்கவில்லை. இவ்விடைவெளியைக் கண்டவர் பீற்றர் பிள்ளை அடிகள். கேம்பிரிட்ஜிலும் உரோமையிலும் பயின்றவர். 1940 முதல் 1954 வரை மருதானை புனித சூசையப்பர் கல்லூரியின் அதிபர். திருச்சபையின் சமூகப் போதனையைத் தொழிலாளரிடையே பரப்பியவர். அவர் 1954இல் பொறளையில் நிறுவிய அக்குவைனாஸ் பல்கலைக்கழகக் கல்லூரி, தொழில் பார்ப்போருக்கும் உயர்கல்வி உரியது என்னும் கருத்துக்கு நிறுவன வடிவம் கொடுத்தது.

அக்கல்லூரி இறையியலுக்கென மட்டும் எழுந்ததன்று. எனினும் சமயச் சார்புடைய ஓர் உயர்கல்வி நிலையம் மாலைநேர மாணவரை மாணவராக ஏற்றமை புதிய மரபொன்றின் தொடக்கமாயிற்று. பீற்றர் பிள்ளை அடிகளுக்குப்பின் 1964இல் அதன் தலைமையை ஏற்ற திஸ்ஸ பாலசூரிய அடிகள், 1971இல் சமூக சமய நடுநிலையத்தைக் கொழும்பில் நிறுவினார். அங்கு இறையியல் வகுப்பறையிலிருந்து வெளியேறி, வேலையின்மை, நிலம், இனப்பிரச்சினை முதலியவற்றோடு உரையாடத் தொடங்கிற்று. இவ்வுரையாடலில் தொழிலாளியும் ஆசிரியரும் கேட்போராக மட்டுமன்றிச் சான்று பகர்வோராகவும் அமைந்தனர்.

இரு மாற்றங்கள்

1960களில் நிகழ்ந்த இரு மாற்றங்கள் பொதுநிலையினரின் இறையியற் கல்வியை விருப்பத்திலிருந்து தேவையாக்கின. முதலாவது, 1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் வழியாக அரசு உதவி பெற்ற பாடசாலைகளைப் பொறுப்பேற்றமை. பாடசாலைகளிற் சமயபாடம் தொடர்ந்ததாயினும், மறைக்கல்வியின் பெரும்பொறுப்புப் பங்குகளின் ஞாயிறு வகுப்புகளைச் சார்ந்தது. அவ்வகுப்புகளை நடத்துவோர் ஊதியமின்றி உழைக்கும் ஆசிரியர்களும் உத்தியோகத்தர்களும் இளைஞர்களுமாவர். முன்னைய அண்ணாவியாரின் கடமை வேறொரு வடிவில் மீண்டது.

இரண்டாவது, இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–1965). திருவழிபாடு மக்கள் மொழிக்கு வந்தது. பொதுநிலையினரின் அப்போஸ்தலப் பணி பற்றிய விதித்தொகுப்பு 1965 நவம்பரில் வெளியாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் வெளியான இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஏடு, பொதுநிலையினர் பலர் இறையியற் கலைகளில் தக்க பயிற்சி பெறவேண்டும் என விழைந்தது. 1983இன் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, 229ஆம் சட்டத்தில் இவ்விழைவை உரிமையாக்கிற்று. திருச்சபைப் பல்கலைக்கழகங்களிற் கற்கவும், பட்டம் பெறவும், தகுதியுடையோர் கற்பிக்கும் ஆணை பெறவும் பொதுநிலையினருக்கு வழி திறந்தது.

மொழியும் மாலையும்

சட்டத்தில் உரிமை தோன்றுதல் வேறு. கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ வாழும் ஒரு தமிழர் அதனைத் துய்த்தல் வேறு. கொட்டாஞ்சேனை, புனித லூசியா பேராலயத்தைச் சூழ்ந்து வளர்ந்த பழைய கத்தோலிக்கப் பகுதி. துறைமுகத்தையும் வணிகத்தையும் நாடித் தூத்துக்குடியிலிருந்தும் மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தோர் அங்கு வாழ்ந்தனர். வெள்ளவத்தையோ, இருபதாம் நூற்றாண்டில் அரசாங்க உத்தியோகத்தை நாடிவந்த வடபுலத்தாரின் குடியிருப்பாக வளர்ந்தது. புனித லோரன்ஸ் ஆலயம் அங்குள்ள கத்தோலிக்கரின் நடுவிடம். இவ்விரு இடத்தாருக்கும் மாலைநேரக் கல்வி பொருந்துவதாயினும், இரு தடைகள் இருந்தன.

ஒன்று மொழி. குருமடங்களில் இலத்தீன் விட்டுச்சென்ற இடத்தை ஆங்கிலம் பெற்றது. கொழும்பு மறைமாவட்டத்தின் பெரும்பான்மையோர் மொழி சிங்களம். நீர்கொழும்பு முதல் சிலாபம் வரையுள்ள கரையோரத்தில், ஒருகாலத்தில் தமிழ் பேசிய கத்தோலிக்கக் குடும்பங்கள் பல பாடசாலை வழியாகச் சிங்களத்துக்கு மாறியமை வரலாறு. கற்கும் மொழி மாறின், செபிக்கும் மொழியும் நாளடைவில் மாறும் என்பதற்கு இது சான்று. தமிழில் இறையியல் கற்பித்தல் இயலாதென்பதற்கு ஆதாரமில்லை. 1963இல் பிலிமத்தலாவையில் அங்கிலிக்கன், மெதடிஸ்த முதலிய சபைகள் இணைந்து நிறுவிய இலங்கை இறையியற் கல்லூரி, சிங்களத்தையும் தமிழையும் போதனாமொழிகளாகக் கொண்டது. திண்டிவனத்தில் இயங்கும் தமிழக விவிலிய மறைக்கல்வி வழிபாட்டு நடுநிலையம் பொதுநிலையினர்க்கு விவிலியக் கல்வி வழங்கியது. 1995இல் விவிலியத்தின் தமிழ்ப் பொதுமொழிபெயர்ப்பும் வெளிவந்தது. கலைச்சொல்லும் நூலும் உண்டு. தலைநகரில் அவற்றைக் கொண்டு தொடர்ந்து கற்பிக்கும் முயற்சியே வேண்டியிருந்தது.

மற்றையது மாலை. மாலைநேரக் கல்விக்கு முதல் நிபந்தனை மாலையில் அச்சமின்றி வீதியில் நடமாட முடிதல். 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. பின்வந்த போர்க்காலத்தில் ஊரடங்கும் சோதனைச் சாவடியும் அடையாள அட்டைப் பரிசோதனையும் தமிழரின் மாலைப்பொழுதைச் சுருக்கின. 2009இல் போர் முடிந்து பத்தாண்டுகள் சென்றபின், 2019 ஏப்பிரில் 21ஆம் நாள் உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலம் குண்டுத்தாக்குதலுக்கு இலக்காயிற்று. பகுதிநேரக் கல்வியின் வரலாற்றைப் பாடவிதானத்தைக் கொண்டு மட்டும் எழுதவியலாது என்பதை இந்நிகழ்ச்சிகள் உணர்த்துகின்றன. அமைதியற்ற நகரில் முதலில் மூடப்படுவது மாலை வகுப்பே.

முடிவாக

எஞ்சிய நேரத்திற் கற்பது ஆழமற்றது என்னும் குற்றச்சாட்டு புறக்கணிக்கத்தக்கதன்று. எபிரேயமும் கிரேக்கமும் கற்க நீண்ட ஓய்வு வேண்டும். களைத்து வரும் மாணவருக்கு அது எளிதன்று. ஆயின் துன்பம், நீதி, மன்னிப்பு ஆகியவற்றை ஆராயும் ஒரு கலைக்கு, எரிந்த வீட்டைக் கண்டவரும் அலுவலகத்தில் மொழிச்சட்டத்தின் சுமையைத் தாங்கியவரும் கொண்டுவரும் அனுபவம் மதிலுக்குள் எளிதிற் கிட்டாதது. இரண்டும் ஒன்றையொன்று வேண்டி நிற்பன.

2021இல் பாப்பரசர் பிரான்சிஸ், வாசகர், பீடத்துணைவர் ஆகிய பணிநிலைகளைப் பெண்களுக்கும் திறந்துவிட்டதோடு, மறைக்கல்வி ஆசிரியர் என்னும் பணிநிலையையும் நிறுவினார். ஒல்லாந்தர் காலத்து அண்ணாவியார் செய்த பணிக்கு, மூன்று நூற்றாண்டுகளுக்குப்பின் திருச்சபை முழுமைக்கும் உரிய ஏற்பு இதனாற் கிட்டியது எனலாம். ஆயினும் நியமனம் மட்டும் அறிவைத் தந்துவிடாது. ஞாயிறன்று தமிழில் திருமறையை வாசிப்பவர், தாம் வாசித்ததன் பொருளைத் தமிழிலேயே ஆராய்ந்து விளக்கும் தகுதி பெறாவிடின், அவர் பிறர் சிந்தனைக்குக் குரல்கொடுப்பவராகவே நின்றுவிடுவார். கொன்சால்வேஸ் அடிகள் தம் காலத்து அண்ணாவியாருக்குத் தமிழில் நூல் தந்தார். இக்காலத்து அண்ணாவியாருக்குத் தமிழில் வகுப்பறை தருதல் கொழும்பின் கல்விமான்கள் முன்னுள்ள கடனாகும்.