வைக்கோல் கன்று

மாமல்லபுரத்துக் கிருஷ்ண மண்டபத்துக்குப் போகிறவர்கள் மலையைத் தாங்கி நிற்கும் கண்ணனைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். மாட்டு வைத்தியம் பார்த்தே தலை நரைத்த எனக்கு அங்கே பால் கறக்கிற ஆயர்தான் முக்கியம். அவர் மடியில் கை வைத்திருக்கிறார். பசுவோ தலையைத் திருப்பிக் கன்றை நக்கிக்கொண்டிருக்கிறது. ஏழாம் நூற்றாண்டுச் சிற்பிக்கு ஹார்மோன் தெரியாது. கன்று பக்கத்தில் இருந்தால்தான் சுரப்பு இறங்கும் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

மடியில் ஊறிய பாலில் பெரும்பங்கு, கண்ணுக்குத் தெரியாத நுண்ணறைகளில் அடைபட்டுக் கிடக்கும். எவ்வளவு இழுத்தாலும் கைக்கு வராது. கன்று முட்டி ஊட்டும்போது மாட்டின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் இரத்தத்தில் கலந்து, நுண்ணறைகளைச் சுற்றியுள்ள தசைச் செல்களை இறுக்கிப் பாலைக் காம்புக்குத் தள்ளும். அதன் வேகம் சில நிமிடங்களே. மாடு மிரண்டாலோ அட்ரினலின் வந்து எல்லாவற்றையும் தடுத்துவிடும். “எக்கிக்கிச்சு டாக்டரய்யா” என்று கறவைக்காரர்கள் சொல்வது இதைத்தான்.

சீமை மாடுகளும் கலப்பினங்களும் மடியைக் கழுவித் தடவிவிட்டாலே பெரும்பாலும் சுரப்பு விடும். நாட்டுப் பசுவும் எருமையும் அப்படியல்ல, அவற்றுக்குக் கன்று வேண்டும். கன்று செத்துப்போனால்? அதற்குத்தான் நம்மவர்கள் வைக்கோல் கன்றைக் கண்டுபிடித்தார்கள்.

பாக்கெட் பால் வராத காலத்து மதராஸில் பால்காரர் மாட்டை வாசலுக்கே ஓட்டிவந்து கறப்பார். தண்ணீர் கலக்கவில்லை என்று வீட்டம்மாள் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். திருவல்லிக்கேணியில் எங்கள் தெருவுக்கு வந்தவரின் அக்குளில் எப்போதும் ஒரு வைக்கோல் கன்று இருக்கும். உரித்துக் காயவைத்த தோலுக்குள் வைக்கோல் திணித்து, வயிற்றோரம் சணலால் தைத்து, கால்களுக்கு மூங்கில் குச்சி செருகியிருப்பார். கண் இருந்த இடத்தில் வெறும் ஓட்டை. முதுகில் ரோமம் உதிர்ந்து தோல் வழுவழுவென்றிருக்கும். அதன்மேல் உப்புத் தண்ணீர் தெளித்துத் தவிட்டைத் தூவி எருமையின் முகத்தருகே நிறுத்துவார். எருமை நக்க நக்க, இங்கே செம்பில் நுரை ஏறும்.

ஏமாற்றுதான். என்றாலும் மாட்டுக்கு உடம்பில் நோவு இல்லாத ஏமாற்று. கல்கத்தாப் பக்கம் நடந்தது அதைவிடக் கொடுமை. மாட்டின் பிறப்புறுப்புக்குள் குழாய் வைத்துக் காற்றை ஊதுவார்கள். பூக்கா என்று அதற்குப் பெயர். காந்தி பாலையே வெறுத்ததற்கு இந்தப் பூக்காவும் ஒரு காரணம் என்று தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பிறகு நோயில் படுத்தபோது, கஸ்தூரிபாவின் வற்புறுத்தலால் ஆட்டுப் பால் குடிக்கத் தொடங்கினார். 1890-லேயே வெள்ளைக்காரன் சட்டம் போட்டுப் பூக்காவைக் குற்றமாக்கியிருந்தான். வழக்கம் மட்டும் போகவில்லை.

இந்தக் கைவேலைகளுக்கெல்லாம் பின்னால் இருந்த ஹார்மோனை அறிவியல் மெதுவாகத்தான் பிடித்தது. பிட்யூட்டரியின் பின்பகுதிச் சாற்றை ஆட்டுக்குச் செலுத்தினால் பால் பீறிடும் என்று 1910-ல் ஆட், ஸ்காட் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். 1941-ல் மின்னசோட்டாவில் ஈலியும் பீட்டர்சனும் ஒரு பசுவின் பாதி மடிக்குப் போகும் நரம்பை அறுத்துவிட்டுக் கறந்தார்கள்; அந்தப் பாதியும் சுரந்தது. சேதி நரம்பு வழியாக மடிக்கு வரவில்லை, இரத்தத்தில் வருகிறது என்று அதில் தெளிவாயிற்று. பிறகு பசுவின் முதுகில் பூனையை ஏற்றி, காகிதப் பைகளை ஊதி உடைத்து மிரட்டினார்கள். சுரப்பு நின்றது. அதே ஆண்டு ஃபெர்குசன், கருப்பை வாய் விரிந்தாலும் பிட்யூட்டரி தூண்டப்படும் என்று விளக்கினார். பூக்கா ஏன் பலித்தது என்பதற்கு விடை அதில் இருக்கிறது.

1953-ல் வேதியியலர் வின்சென்ட் து விக்னோ ஆக்சிடோசினை ஆய்வகத்திலேயே செய்துவிட்டார். 1955-ல் நோபல் பரிசு. பிரசவத்தில் இரத்தப்போக்கை நிறுத்தி எத்தனையோ தாய்மார்களைக் காத்த மருந்து அது. அதே மருந்து லேபிள் இல்லாத குப்பிகளில் மாட்டுக் கொட்டகைக்கும் வந்து சேர்ந்தது. வைக்கோல் கன்றைச் சுமக்கும் வேலை மிச்சம். 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு பூக்காவைத் தண்டித்தது. 1982-ல் அதே பிரிவில் ஊசியையும் சேர்த்தார்கள். 2018-ல் மத்திய அரசு தனியார் உற்பத்தியையே தடுக்கப் பார்த்தது. தாய்மார்களுக்கு மருந்து கிடைக்காமல் போகும் என்பதால் அந்த ஆண்டு டிசம்பரிலேயே டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

‘ஊசி போட்ட பால் குழந்தைக்கு ஆகுமா?’ என்று என்னிடம் கேட்காதவர் இல்லை. ஆக்சிடோசின் ஒன்பது அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி. பாலில் வந்தாலும் குடலில் செரித்துவிடும். பாதிப்பு மாட்டுக்குத்தான். ஊசிக்குப் பழகிய எருமை பிறகு கைக்கு எளிதில் சுரப்பு விடுவதில்லை.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. வைக்கோல் கன்று, பூக்கா, ஊசி மூன்றும் ஊறிய பாலை இறக்குமே தவிர, புதிதாக ஒரு சொட்டை உண்டாக்காது. ஒரு லிட்டர் பால் ஊற ஏறத்தாழ 400 லிட்டர் இரத்தம் மடி வழியாக ஓட வேண்டும். அந்த இரத்தத்தில் சத்து இருக்க வேண்டும். பசுந்தீவனமும் வைக்கோலும் போக, பசுவுக்கு இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ அடர்தீவனம் என்பது நாங்கள் சொல்லும் கணக்கு. பிண்ணாக்கில் மிச்சம் பிடித்தவன் ஊசியில் அதை எடுக்க முடியாது.

கன்றுகள் ஏன் செத்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். பெரும்பாலானவை பட்டினியில் செத்தன. கன்று குடிக்கும் பால் காசாகிவிடும் என்று கணக்குப் பார்த்து, கிடாக்கன்று என்றால் கயிற்றோடு பட்டினி போட்டார்கள். பிறகு அதன் தோலையே தைத்துத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். மாடு வைத்திருப்பவர்களுக்குச் சொல்வது இதுதான்: முதல் மூன்று மாதம் கன்றுக்கு அதன் பங்கைக் குறையாமல் கொடுங்கள். உயிரோடு நிற்கிற கன்றைவிட மலிவான ஆக்சிடோசின் எந்தக் கடையிலும் கிடைக்காது.