பெயரும் எண்ணும் கைமாறிய கதை



மங்கலத்தில் எமது மக்தபின் பழைய சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டினால், பெற்றோரின் தொலைபேசி எண்ணுக்கு அருகே "பி.பி." என்னும் இரண்டு எழுத்துகளைப் பல இடங்களில் காணலாம். வீட்டில் தொலைபேசி இல்லாதவர்கள், பக்கத்து வீட்டின் எண்ணையோ மளிகைக் கடையின் எண்ணையோ கொடுத்து, அது தமக்குச் சொந்தமானதன்று என்பதற்கு இட்ட அடையாளம் அது. திருமணப் பத்திரிகைகளிலும் அவ்வாறே அச்சிட்டார்கள். தறிக்கூடத்து முதலாளியின் பையில் சிறிய தொலைபேசி டைரி ஒன்று இருக்கும். ஒருவரின் எண் வேண்டுமென்றால் அதைப் பார்த்துக் கையால் எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

இந்தியாவின் முதல் கைபேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவிலிருந்து டெல்லிக்குப் பேசப்பட்டது. உலகின் முதல் குறுஞ்செய்தி அதற்கு முன்பே, 1992 டிசம்பர் 3 அன்று, பிரிட்டனில் அனுப்பப்பட்டிருந்தது. ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட்டுகள். ஆங்கில எழுத்தில் 160, தமிழில் 70 குறியீடுகள் மட்டுமே அதில் அடங்கும். இந்தச் சிறு பொட்டலத்திற்குள் ஒருவருடைய பெயரையும் எண்ணையும் வைத்து மற்றொரு கைபேசிக்கு அனுப்பும் முயற்சி 1990களின் பிற்பகுதியில் தொடங்கியது. நோக்கியா நிறுவனம் "ஸ்மார்ட் மெசேஜிங்" என்ற முறையை வகுத்தது. பெயர்ப் பட்டியலில் ஒருவரைத் தெரிவுசெய்து, "பிசினஸ் கார்டு" என அனுப்பினால், பெறுபவர் அதைத் தம் கைபேசியில் நேராகச் சேமித்துக்கொள்ளலாம்.

ஆனால் பெறுபவரிடமும் அம்முறையை அறிந்த கைபேசி இருக்க வேண்டும்! வேறு நிறுவனத்தின் கைபேசியாக இருந்தால், இரண்டு சாய்கோடுகளும் பொருள் விளங்காத ஆங்கில எழுத்துகளும் வரிசையாக வந்து நிற்பதுண்டு. பனியன் கம்பெனிகளில் வேலை செய்தவர்கள் அதை "கிறுக்கு மெசேஜ்" என்று அழித்துவிடுவதை நாமே பார்த்திருக்கிறோம்.

நிறுவனங்களுக்கிடையே பொது வடிவம் இல்லாமலில்லை. ஆப்பிள், ஏடி அண்ட் டி, ஐபிஎம், சீமென்ஸ் ஆகிய நான்கும் இணைந்த வெர்சிட் கூட்டமைப்பு 1990களின் நடுவில் "விகார்டு" என்னும் வடிவத்தை உருவாக்கியிருந்தது. பெயருக்கு ஒரு வரி, எண்ணுக்கு ஒரு வரி, முகவரிக்கு ஒரு வரி என்பதே அதன் அமைப்பு. நோக்கியாவின் கார்டும் உள்ளே சுமந்து சென்றது அதைத்தான். உறை மட்டுமே வேறு.

இதில் நம் மொழிக்கு நேர்ந்த இடையூறு தனிக்கதை. விகார்டின் பழைய 2.1 பதிப்பில் தமிழ்ப் பெயரை அனுப்பினால், ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட்டுகளாகி, ஒவ்வொரு பைட்டும் மூன்று ஆங்கிலக் குறிகளாக விரியும். "அப்துல் காதர்" என்ற பெயரில் புள்ளி, கால், கொம்பு எல்லாவற்றையும் சேர்த்து 12 குறியீடுகள். அவை மட்டும் 108 இடங்களை எடுத்துக்கொள்ளும். எண்ணுக்கு இடமேது? நம்மவர்கள் பெயர்களை ஆங்கிலத்தில் சேமித்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஒரே மனிதர் ஒருவரின் கைபேசியில் ஒரு விதமாகவும் மற்றவரின் கைபேசியில் வேறு விதமாகவும் எழுதப்பட்டார். யூடிஎஃப்-8 எழுத்துமுறையே விகார்டுக்குக் கட்டாயம் என்ற விதி 2011இல் வெளிவந்த நான்காம் பதிப்பில்தான் வந்தது.

ஆகவே மக்கள் தாமே ஒரு வழி கண்டார்கள். நேரில் இருந்தால் "மிஸ்டு கால்" கொடுப்பது. தொலைவில் இருந்தால் எண்ணைத் தட்டச்சு செய்து சாதாரணக் குறுஞ்செய்தியாக அனுப்புவது. இரண்டாவது வழியில் பிழைக்கு இடமுண்டு. 2006இல் எமது மஹல்லாவில் ஒரு பெரியவர் வஃபாத்தானார். அவருடைய இளைய மகன் துபாயில் இருந்தார். உறவினர் ஒருவர் அவருக்கு மூத்த மகனின் எண்ணைக் குறுஞ்செய்தியில் அனுப்பினார். வெளி மாவட்டத்திற்கு அழைக்கும் பழக்கத்தில் முன்னால் 0 சேர்த்து அனுப்பிவிட்டார். துபாயிலிருந்து அந்த எண் எப்படிக் கிடைக்கும்? 0 நீக்கி +91 சேர்க்க வேண்டும் என்பது அந்தப் பதற்றத்தில் மகனுக்குத் தோன்றவில்லை. அனுப்பியவரின் கைபேசியோ மின்னேற்றமின்றி அணைந்திருந்தது. ஜனாஸா தொழுகைக்கு முன், "இவர் யாருக்கேனும் கடன் தரவேண்டியிருந்தால் வாரிசுகளிடம் பெற்றுக்கொள்ளுங்கள்" என்று அறிவிப்போமே, அந்தக் கடனைத் தாமே ஏற்கிறேன் என்று சொல்லத்தான் அவர் இரவு முழுவதும் முயன்றிருக்கிறார். அடக்கம் முடிந்த பின்னரே அவருடைய குரல் எமக்குக் கேட்டது. அறிவிப்பில் மூத்தவர் பெயர் மட்டுமே சொல்லப்பட்டிருந்தது.

பின்னர் ஸ்மார்ட்போன்கள் வந்தன. 2007இல் வெளிவந்த முதல் ஐபோனில் ஒருவரின் விவரத்தைப் பிறருக்கு அனுப்பும் வசதியே இல்லை. 2009இல்தான் அது சேர்ந்தது. இன்று ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கும், அங்கிருந்து இங்கும் விகார்டு தடையின்றிச் செல்கிறது. ஆயினும் செய்திச் செயலி வழியே அனுப்பும்போது சில வேளைகளில் அது எம்எம்எஸ்ஸாகப் போகிறது. டேட்டா அணைந்திருந்தால் போகாமல் இருக்கலாம். பழைய முறையில் எண்ணைத் தட்டச்சு செய்து அனுப்பினால் எந்தக் கைபேசிக்கும் போய்ச் சேரும்.

இதில் பலரும் எண்ணிப் பாராத ஒன்று உண்டு. தட்டச்சு செய்தவர் கேட்ட எண்ணை மட்டுமே அனுப்பினார். கார்டோ, நாம் அந்தப் பெயரின் கீழ் சேமித்தவற்றை, மனைவியின் எண், வீட்டு முகவரி, பிறந்த நாள் உட்பட, ஒருசேர எடுத்துச் செல்லக்கூடும். ஓவர்லாக் டெய்லர் வேண்டுமென்று கேட்ட ஒப்பந்தக்காரருக்கு ஒரு சகோதரியின் கார்டை ஒருவர் நல்லெண்ணத்துடன் அனுப்ப, அவருடைய வீட்டு முகவரியும் சேர்ந்து போன சம்பவம் எமக்குத் தெரியும். அனுமதி கேட்டு, ஸலாம் சொன்ன பின்பே பிறர் வீட்டில் நுழைய வேண்டும் என்று அந்நூர் அத்தியாயம் கற்பிப்பதை நாம் பிள்ளைகளுக்குப் பாடமாகவே நடத்துகிறோம். ஒருவரின் எண்ணும் இன்று அவர் வீட்டு வாசல்தானே. சில கைபேசிகளில், அனுப்புமுன் எவ்விவரங்கள் செல்ல வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது. அதைத் தேடிப் பாருங்கள்.

எமது மக்தபின் புதிய படிவத்தில் எண்ணுக்கு முன் +91 அச்சிட்டிருக்கிறோம். அதன் கீழே, வாட்ஸ்அப் குழுவில் இந்த எண்ணைச் சேர்க்கலாமா என்றும் ஒரு கேள்வி. இவ்வாண்டு மூன்று தாய்மார்கள் வேண்டாம் என்று எழுதினார்கள். விடுமுறை அறிவிப்புகளை அவர்களுக்கு மட்டும் தனியே குறுஞ்செய்தியாக அனுப்பி வருகிறோம்.