வீட்டு வலையமைப்பில் கணினிப் பெயர்ச் சிக்கல்கள்

கணினி, பிரிண்டர், கண்காணிப்புக் கேமரா ஆகியவற்றுக்கு இடப்பட்ட பெயரைக் கொண்டு அவற்றின் ஐபி முகவரியை அறியும் செயல் பெயர் கண்டறிதல் எனப்படும். இணையத்தளப் பெயர்களுக்கு இதைச் செய்வது பால் மொக்காபெட்ரிஸ் 1983இல் வடிவமைத்த டிஎன்எஸ் முறை. வீட்டுக் கருவிகளின் பெயர்கள் அந்த உலகப் பட்டியலில் இடம்பெறுவதில்லை. அவற்றை வீட்டு ரூட்டர் சொல்லும்; அல்லது கருவிகளே தமக்குள் கேட்டு விடை பெறும். இரண்டாவது முறை எம்டிஎன்எஸ். அதன் பெயர்கள் ‘.லோக்கல்’ என முடியும். நெறிமுறை 2013இல் வெளியானது.

சேலம் செவ்வாய்ப்பேட்டையின் வெள்ளிக் கொலுசுப் பட்டறை, குமாரபாளையத்து விசைத்தறிக் கூடம் போன்று வீட்டோடு தொழில் நடக்கும் இடங்களில், பில் போடும் கணினி பிரிண்டரைக் காணாவிட்டால் வேலையே நின்றுவிடும். மின்தடைக்குப் பின் இச்சிக்கல் எழுவதுண்டு. முகவரிப் பட்டியலைத் தற்காலிக நினைவில் மட்டும் வைத்திருக்கும் ரூட்டர், மின்சாரம் திரும்பியதும் கருவிகளுக்கு வேறு முகவரி வழங்கிவிடலாம். கணினியோ பழைய முகவரியையே தேடும்.

கோளாறு பெயரிலா, இணைப்பிலா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் கருவியின் தற்போதைய முகவரியைப் பார்த்து, அதற்குப் பிங் (பதில் வருகிறதா எனப் பார்க்கும் சோதனைச் செய்தி) அனுப்ப வேண்டும். பதில் வந்தால் இணைப்பு சரி, பெயரில்தான் சிக்கல். வராவிட்டால் கேபிள், வைஃபை, பயர்வால் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். அடுத்து பெயருக்கே பிங் அனுப்பினால், கணினி எந்த முகவரியை நாடுகிறது என்பது திரையில் தெரியும். அது ரூட்டர் காட்டும் முகவரியிலிருந்து வேறுபட்டால், கணினியில் தேங்கிய பழைய விடையை நீக்க வேண்டும்.

பெயருக்கு விடையே கிடைக்காததற்குக் காரணங்கள் பல. கணினியில் 8.8.8.8 போன்ற பொது டிஎன்எஸ் முகவரி கையால் இடப்பட்டிருந்தால், ரூட்டர் அறிந்த பெயர்கள் அதற்கு எட்டா. விருந்தினர் வைஃபை, விபிஎன், இரண்டாவது ரூட்டர் ஆகியவை கருவிகளைத் தனித்தனியே பிரித்துவிடும். விண்டோஸில் வலையமைப்பு ‘பொது’ எனக் குறிக்கப்பட்டிருந்தால் அந்தக் கணினி பிற கருவிகளுக்குத் தெரியாமல் போகலாம். இரு கருவிகளுக்கு ஒரே பெயர் இருந்தாலும் குழப்பம் நேரும்.

நிலையான தீர்வு, பிரிண்டர் போன்ற பொதுக் கருவிகளுக்கு ரூட்டரிலேயே மாறா முகவரியை ஒதுக்கிவைத்து, ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் இடுவது. கணினியிலுள்ள ஹோஸ்ட்ஸ் கோப்பில் பெயரையும் முகவரியையும் எழுதிவைப்பதும் பயன் தரும். ஆனால் அது அந்த ஒரு கணினிக்கே செல்லும், முகவரி மாறினால் கையால் திருத்தவும் வேண்டும்.