பூச்சின் கீழ்ப் படிந்த வரலாறு: பழைய கார்களின் கறளும் பட்டியும்

வரலாற்று மூலங்கள் என்றதும் கல்வெட்டு, செப்பேடு, நாணயம், ஏட்டுச்சுவடி என்பவற்றையே வரிசைப்படுத்திப் பழகியுள்ளோம். இப்பட்டியலுக்கு அப்பாற்பட்ட பொருளொன்று எமது விரிவுரை மண்டபங்களில் மூலமாகக் கொள்ளப்படுவது அரிது. எனவே பழைய காரொன்றின் கதவடியிற் படிந்த கறளையும் அதன்மேற் பூசப்பட்ட பட்டியையும் மூலங்களாகக் கொண்டு கட்டுரை எழுதப் புகுவது சிலருக்கு விளையாட்டாகத் தோன்றக்கூடும். ஆயினும் பழைய கார்களைப் புதுக்குவோர் நிறப்பூச்சைச் சுரண்டும்போது வெளிப்படும் ஒவ்வோர் அடுக்கும் ஒரு காலத்தின் விலைவாசியையும் தட்டுப்பாட்டையும் தொழில்நுட்பத்தையும் தன்னுட் கொண்டுள்ளது. அதனைப் படித்தறியலாம் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

எடுத்துக்காட்டாக மொறிஸ் மைனர் காரைக் கொள்ளலாம். 1948 ஒக்டோபரில் இலண்டன் ஏர்ல்ஸ் கோட் கண்காட்சியில் அறிமுகமாகி, 1970களின் தொடக்கம் வரை 16 இலட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் உற்பத்தியான வண்டி இது. இதனை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், உற்பத்தி தொடங்குந் தறுவாயில், வண்டியின் அகலம் போதாதெனக் கண்டு மாதிரி வண்டியை நெடுக்காக இரண்டாக அறுப்பித்து நான்கு அங்குலம் அகலப்படுத்தினார். அதன் விளைவாகப் பொனற்றின் நடுவே ஒரு தட்டையான பட்டை ஓடுவதை இன்றும் காணலாம். ஆக, பிறக்கும்போதே ஒட்டுடன் பிறந்த கார் இது. அந்த ஒட்டினை எவரும் மறைக்க முயலவில்லை. நிறுவனத்தின் அதிபரான நஃபீல்ட் பிரபு இவ்வண்டியை ஓடின்றி அவித்த முட்டைக்கு ஒப்பிட்டு இகழ்ந்தார் என்பது நாடறிந்த கதை.

கறளைப் பொறுத்தவரையில் இவ்வண்டியின் கட்டமைப்பே கவனித்தற்குரியது. முற்காலக் கார்களில் தடித்த இரும்புச் சட்டமொன்று கீழே கிடக்கும். உடல் அதன்மேல் ஏற்றி வைக்கப்படும். உடலிற் கறள் பிடித்தாலும் சட்டம் தாங்கிக்கொள்ளும். மைனரிலோ தனிச்சட்டம் கிடையாது. மெல்லிய உருக்குத் தகடுகளை மடித்துப் பெட்டிகளாக்கி, ஒன்றோடொன்று ஒட்டி, அந்த உடலையே பாரந் தாங்கச் செய்தனர். கதவுகளின் கீழே இருபுறமும் நீளவாட்டில் ஓடும் பெட்டி, தரைத்தகட்டின் குறுக்கே கிடக்கும் பெட்டி, பின் வில்லுகள் கொளுவப்படும் இடம் ஆகியனவே வண்டியின் முதுகெலும்பும் விலாவும் எனலாம். பெட்டிக்குள்ளே நீர் புகும்; புகுந்த நீர் வெளியேற வைத்த துளையைச் சேறு அடைக்கும். நிறப்பூச்சு எட்டாத உட்புறத்தில் இரும்பு, நீர், ஒட்சிசன் மூன்றும் கூடுகின்றன. விளையும் கறள் இரும்பிலும் பன்மடங்கு கன அளவுடையதாதலால் ஒட்டுகளைப் பிளந்துகொண்டு வெளியே தள்ளுகிறது. வெளிப்பூச்சில் அரிசியளவு கொப்புளம் தோன்றும்போது உள்ளே தகடு பெரும்பாலும் தீர்ந்துவிட்டிருக்கும். யக்கினை வைத்து வண்டியைத் தூக்கினால் கதவு பூட்ட மறுக்கும். உடல் நடுவே வளைவதன் அறிகுறி அது.

இத்தாலியக் கார்கள் கறளுக்குப் பெயர் பெற்றமைக்கு அக்காலச் சோவியத் உருக்கே காரணமென ஒரு கதை வழங்குகிறது. 1980 இல் லான்சியா நிறுவனம் தனது பேற்றா ரகக் கார்கள் பலவற்றைப் பிரித்தானியாவில் உரிமையாளரிடமிருந்து மீள வாங்க நேர்ந்தபின் இக்கதை மேலும் பரவியது. ஆனால் அவ்வுருக்கோடு எத்தொடர்புமற்ற ஆங்கிலக் கார்களும் அவ்வாறே உக்கின. நீர் தேங்கும் மடிப்பும் பூச்சு எட்டாத பெட்டியும் எங்கெங்கு உண்டோ அங்கெல்லாம் கறளும் உண்டு. உருக்கின் பிறப்பிடத்தைக் குறைகூறுதல் எளிது; வடிவமைப்பைக் குறைகூறுதல் நிறுவனங்களுக்கு உவப்பானதன்று.

இனிப் பட்டிக்கு வருவோம். பட்டி ஏமாற்றுக்காரர் கண்டுபிடித்த பொருள் என்ற எண்ணம் பலரிடமுண்டு. உண்மையில் மறைக்கும் வழக்கம் தொழிற்சாலைகளிலேயே தொடங்கியது. இரு தகடுகள் சேருமிடத்துத் தழும்பு தெரியாதிருக்க, ஈயமும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தைச் சுவாலையால் இளக்கி, கொழுப்புத் தடவிய மரத்தட்டையால் இழைத்து, ஆறியபின் அரத்தால் அராவினர். இது மிகுந்த பயிற்சி வேண்டும் வேலை. தகடு சுத்தமாக இருந்தாலன்றி ஈயம் பற்றாது. எனவே ஈயம் பூசுபவன் கறளை முற்றாக நீக்கியே ஆகவேண்டும். ஈயத்தூளோ தொழிலாளியின் உடலுக்கு நஞ்சு. 1955 இல் அமெரிக்காவின் மயாமியில் கார் உடல் திருத்தகம் நடத்திய றொபேட் மேர்ட்டன் ஸ்பிங்க் என்பவர் ஈயத்துக்கு மாற்றாகப் பொண்டோ எனும் பட்டியை உருவாக்கினார். பொலியெஸ்ரர் பிசினும் மாக்கல் தூளும் கலந்த பசை அது. சிறிதளவு இறுக்கியைச் சேர்த்தால் சில நிமிடங்களிற் கல்லாகும். சுவாலை வேண்டாம், நீண்ட பயிற்சி வேண்டாம்.

ஈயம் மறுத்த ஒன்றைப் பட்டி அனுமதித்தது என்பதே இங்கு முக்கியம். கறளின் மேலேயே அதனைப் பூசிவிடலாம். ஓட்டைக்குள் பத்திரிகைத் தாளையோ கம்பிவலையையோ திணித்து அதன்மேலும் பூசலாம். மாக்கல் தூள் ஈரத்தை உறிஞ்சுமாதலால் உள்ளே கறள் தொடர்ந்து அரிக்கும். வெளியே மினுக்கம் குறையாது. தொழிலாளியின் நுரையீரலைக் காத்த கண்டுபிடிப்பே வாங்குவோனின் கண்ணைக் கட்டும் கருவியுமாயிற்று.

பிரித்தானியாவிற் சட்டமும் இதில் ஒரு பங்கு வகித்தது. 1960 இற் பழைய வண்டிகளுக்குக் கட்டாயப் பரிசோதனை தொடங்கியது. முதலிற் பத்தாண்டு கடந்தவற்றுக்கும், 1967 முதல் மூன்றாண்டு கடந்தவற்றுக்கும் அது விதிக்கப்பட்டது. உடற்கட்டமைப்பின் நிலை 1977 இற் பரிசோதனைக்குள் சேர்க்கப்பட்டது. அதன்பின் உக்கிய தகட்டை வெட்டி எடுக்காமல், அதன்மேற் புதுத்தகட்டை ஒட்டிக் கறுப்புத் தார்ப்பூச்சால் மூடும் வழக்கம் பெருகியது. ஒரே இடத்தில் மூன்று, நான்கு தகடுகள் ஒன்றன்மேலொன்றாய்க் கிடப்பதை அங்குள்ள புதுக்குவோர் அடிக்கடி காண்பர்.

இலங்கையில் நிலைமை வேறு. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியினாற் கார் இறக்குமதி கடுமையாக மட்டுப்படுத்தப்பட்டது. 1970க்கும் 1977க்கும் இடையில் அது மேலும் இறுகியது. இங்கிலாந்தில் ஒரு கார் உக்கினால் அதனைக் கழித்துவிட்டு வேறொன்று வாங்கலாம். இங்கு அவ்வழி அடைபட்டிருந்தது. மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ-40 உம் கேம்பிறிட்ஜும் தலைமுறை கடந்தும் ஓடவேண்டியதாயிற்று. யாழ்ப்பாணத்திலோ கடற்காற்றின் உப்பும் சேர்ந்துகொண்டது.

இவ்விடத்துச் சொந்த அனுபவமொன்றைக் கூறுதல் பொருந்தும். எனது பெரியப்பா 2021 இல் ஒரு மொறிஸ் மைனரை வாங்கினார். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதால் பழைய கார்களின் விலை ஏறியிருந்த காலம் அது. இத்தடை 2025 இலேயே தளர்த்தப்பட்டது. காரை விற்றவர் ‘தகடு முழுவதும் கொம்பனித் தகடு’ என்று அடித்துச் சொன்னார். பெரியப்பாவின் சேமிப்பிற் பெரும்பகுதி அதிற் போயிற்று. வண்டிக்கு 2008 முதல் நடைமுறையிலுள்ள புகைப்பரிசோதனைச் சான்றிதழும் இருந்தது. அச்சோதனை புகையை அளக்குமேயன்றிக் கறளை அளக்காது. ஒரு காந்தத்தைக் கதவின் கீழ்ப்பாதியில் வைத்துப் பார்க்குமாறு நண்பரொருவர் சொன்னபோதே ஐயம் பிறந்தது. காந்தம் ஒட்டாமல் நழுவி விழுந்தது. விரலாற் தட்டினால் மேலே தகர ஓசை, கீழே சுவரிற் தட்டிய ஓசை.

திருத்தகத்தில் இடப்பக்கக் கதவடிப் பெட்டியைச் சுரண்டியபோது நானும் உடனிருந்தேன். மேலே அண்மையிற் பூசிய பட்டி, பெருவிரற் தடிப்பில். அதன்கீழே தறையாணிகளால் தறைந்த மெல்லிய தகரம்; திருப்பிப் பார்த்தபோது அது பால்மாப் பேணியை வெட்டி விரித்ததென்பது தெரிந்தது. அதனைச் சூழத் தார் பூசியிருந்தது. அதற்கும் கீழே எரிவாயுச் சுவாலையால் ஒட்டிய, சுத்தியலால் ஒழுங்காகத் தட்டி வளைத்த தடித்த தகடு. பெட்டியின் உள்ளே சுருட்டித் திணித்த தமிழ் நாளிதழ்த் துண்டொன்று. பாண் பற்றிய செய்தியின் பாதியும் 1973 என்ற ஆண்டும் வாசிக்கக்கூடியனவாயிருந்தன. எல்லாவற்றுக்கும் அடியில், விரல்பட்டதும் உதிரும் செந்நிறத் தூளாக, கௌலி நகரத் தொழிற்சாலையின் மூலத்தகடு.

அகழ்வாய்வு மாணவன் மண்ணடுக்கைப் படிப்பது போல இதனைப் படிக்கலாம். நாளிதழ் 1973க்கு முன் அங்கு வந்திருக்க முடியாது. பழைய தாளைப் பின்னொருகாலத்திலும் திணித்திருக்கலாமாதலால் அது கீழெல்லையை மட்டுமே தரும். எனினும் அதனை மூடிநின்ற சுவாலை ஒட்டு, புதுக்கார் கிடைக்காத, ஆனால் வாயுவும் தொழிலாளியும் கிடைத்த காலத்தைச் சுட்டுகிறது. பால்மாப் பேணியும் தறையாணியும் வேறொரு காலத்தன. 1990 இல் குடாநாட்டுக்கு எரிபொருளும் இரும்பும் பல்வகைப் பொருள்களும் தடுக்கப்பட்டு, மின்சாரமும் அற்றுப்போனபின் ஒட்டுவேலை எங்ஙனம் நடக்கும்? சிறிதளவு பெற்றோலில் இயக்கி மண்ணெண்ணெயில் ஓடிய இத்தகைய பழங்கார்களே அன்று மருத்துவமனைக்கும் மணவீட்டுக்கும் சென்றன. பேணித் தகரம் பாரந் தாங்காது என்பதை அதைத் தறைந்தவர் அறியாதவரல்லர். தரையில் நீர் புகாமற் காப்பதே அவரால் முடிந்தது. அவர் அதனைப் பட்டியால் மறைக்கவுமில்லை. தறையாணித் தலைகள் தெரியும்படியே விட்டிருந்தார்.

மேலடுக்கு மட்டும் வேறு வகையைச் சார்ந்தது. முன்னைய ஒட்டுகள் வண்டி ஓடுவதற்காகச் செய்யப்பட்டவை. இது வண்டி விலைபோவதற்காகச் செய்யப்பட்டது. தகட்டையும் வாயுவையும் பணங்கொடுத்து வாங்கக்கூடிய காலத்தில், அவற்றைத் தவிர்த்துப் பூசப்பட்ட பட்டி அது. பட்டி என்ற பொருளைப் பழிப்பதிற் பயனில்லை. எதனை, எவருக்கு, எப்போது மறைத்தது என்பதே வினா. விற்றவரிடம் பெரியப்பா போய்க் கேட்டார். தாமும் அப்படியே வாங்கியதாக அவர் சொன்னார். அது உண்மையாகவும் இருக்கலாம். மறைத்தவரின் பெயர் பட்டியில் எழுதப்படுவதில்லையே.

இவ்வரலாற்றில் ஒரு திருப்பமும் உண்டு. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ல்ஸ் வெயார், கார்களைக் கழித்தெறியாது நெடுங்காலம் பேணவேண்டுமென வாதாடியவர். 1990களில் இலங்கையர் ஒருவருடன் கூட்டுச்சேர்ந்து மைனரின் உடற்தகடுகளை இந்நாட்டிலேயே செய்வித்து இங்கிலாந்துக்கு அனுப்பினார். தட்டுப்பாட்டினால் இங்கு பிழைத்திருந்த தகட்டுவேலைக் கைத்திறன், உற்பத்தி செய்த நாட்டின் கார்களுக்கே உடலாயிற்று. அதே ஆண்டுகளில் குடாநாட்டில் ஒருவர் பேணியை வெட்டிக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.

புதுக்குவோர் மத்தியில் இரு கட்சிகள் உள. தொழிற்சாலையிலிருந்து வந்த நாளின் நிலைக்கே வண்டியை மீட்கவேண்டும் என்பது ஒன்று. பட்டபாடுகளின் தடங்களையும் பேணவேண்டும் என்பது மற்றையது. வரலாற்று மாணவன் இரண்டாவதன் பக்கஞ் சாய்வான் என எதிர்பார்க்கப்படும். ஆயினும் பாரந் தாங்கும் பெட்டியிற் பேணித்தகரத்தை விட்டுவைத்து அதிற் குடும்பத்தை ஏற்றிச் செல்லச் சொல்ல எனக்கு மனமில்லை. வெட்டத்தான் வேண்டும். வெட்டுமுன் அடுக்குகளை அளந்து, படமெடுத்து, எழுதிவைக்கலாம். எமது திருத்தகங்களில் இவ்வழக்கத்தை நான் கண்டதில்லை. சுரண்டிய தூள் மாலையிற் கூட்டி அள்ளப்படுகிறது.

இடப்பக்கத்துக்குப் புதிய பெட்டி ஒட்டியாயிற்று. வலப்பக்கத்தை நான் படமெடுத்து முடிக்கும்வரை தொடவேண்டாமெனக் கேட்டிருக்கிறேன். மாரி தொடங்குமுன் வேலை முடியவேண்டும், பல்கலைக்கழக விடுமுறைக்கு மழை காத்திராது என்கிறார் பெரியப்பா.